மரத்தில் லேசர் செதுக்கல்: திரையில் சரியாக இருக்கும் டிசைன் பலகையில் ஏன் மாறிப்போகிறது?

ஏரிக்கரைக் கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஏரிக்கு அருகே நானும் என் கணவரும் சிறிய பரிசுப்பொருள் கடை ஒன்றை நடத்துகிறோம். காப்பித்தூள், மிளகு, தைலம் ஆகியவற்றோடு, இந்தக் கோடை விழாவுக்குள் சில்வர் ஓக் பலகையில் செய்த கோஸ்டர்களையும் (குவளைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டுகள்) விற்பனைக்கு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் வளர்க்கப்படும் மரம் என்பதால் அது இங்கே எளிதாகக் கிடைக்கிறது. அறுத்து இழைத்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார். லேசர் இயந்திரம் மட்டும் எங்களிடம் இல்லை. ஆகவே டிசைனை நாங்களே தயார் செய்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய், சேலத்தில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு கடையில் கொடுத்தோம்.

டிசைனை வரைந்தவன் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம், அதன் மேற்பகுதியில் மலையின் விளிம்பு, நடுவில் பழங்களோடு கூடிய காப்பிக் கிளை ஒன்று, கீழே தடித்த எழுத்தில் "சேர்வராயன் மலை, ஏற்காடு". இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்விஜி என்ற கோட்டோவிய ஃபைலாகச் சேமித்தான். திரையில் அழகாக இருந்தது. வீட்டு பிரின்டரில் தாளில் எடுத்துப் பார்த்தபோதும் ஒரு குறையும் தெரியவில்லை.

பலகையில் வந்ததோ வேறு. 100 மி.மீ. வட்டம் 75 மி.மீ. ஆக வந்தது. "சே" என்ற எழுத்தில் இரட்டைச்சுழிக் கொம்பும் "ச"வும் ஒட்டிக்கொள்ளும் இடத்திலும், "லை" என்பதில் ஐகாரக் குறி "ல"வைத் தொடும் இடத்திலும் அரிசி மணி அளவுக்கு மரம் எரியாமல் வெள்ளையாகவே நின்றுவிட்டது. காப்பி இலையின் நரம்புகளைக் காணவே இல்லை; இலை முழுவதும் ஒரே கறுப்பு. வட்டத்தின் விளிம்பு கரிக்கட்டை போலத் தீய்ந்திருந்தது. மலை விளிம்பில் கோடு நடுங்கிய கையால் இழுத்ததைப் போல இருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, ஃபைலில் இருப்பதைத்தான் மிஷின் செய்யும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கூலி நிமிடக் கணக்கு என்பதால், லேசரின் தலைப்பகுதி நடுங்கி நடுங்கி நகர்ந்த நேரத்துக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம்.

இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்வது என் நோக்கமன்று. கொடுப்பதற்கு முன் ஃபைலில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும், எதனால் இவையெல்லாம் நிகழ்ந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி ஆபரேட்டர் எழுதியது:

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட ஐந்து குறைகளையும் நான் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். ஐந்துக்கும் வேர் ஒன்றே. உங்கள் தங்கை மகன் மையை மனதில் வைத்து வரைந்திருக்கிறார். மை என்றால் கறுப்பின் மேல் வெள்ளையைப் போட்டு மறைக்கலாம், ஒரே கோட்டை இரண்டு முறை போட்டாலும் தெரியாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். லேசருக்கு நிறமும் இல்லை, மேல் கீழ் என்ற அடுக்கும் இல்லை. எந்தப் பாதையில் நகர வேண்டும், எந்த மூடிய வடிவத்தின் உட்புறத்தை எரிக்க வேண்டும் என்ற இரண்டு செய்திகளே அதற்குப் போய்ச் சேருகின்றன. கடைக்காரர் சொன்ன ஒரு வரி பொய்யன்று. ஆனால் வேலையை எடுக்கும் முன் ஃபைலைத் திறந்து பார்த்து எச்சரித்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் அளவு. இல்லஸ்ட்ரேட்டர் எஸ்விஜி எழுதும்போது ஓர் அங்குலத்துக்கு 72 என்ற கணக்கில் எண்களை எழுதுகிறது. அந்த எண்களுக்குப் பக்கத்தில் மி.மீ. என்று எதுவும் இருக்காது. திறக்கும் மென்பொருள் அங்குலத்துக்கு 96 என்று எடுத்துக்கொண்டால், 72ஐ 96ஆல் வகுக்க வரும் முக்கால் பங்கு அளவில்தான் டிசைன் திறக்கும். உங்கள் 100 மி.மீ. சரியாக 75 ஆனது இதனால்தான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலும் இதே போன்ற ஒரு பழைய சிக்கல் உண்டு: 0.92 பதிப்புக்கு முன்பு அது 90 என்ற கணக்கை வைத்திருந்தது, அதன் பிறகு 96க்கு மாறியது. ஆகவே பழைய ஃபைல் ஒன்று 100 மி.மீ. என்பதை 93.75 மி.மீ. ஆகக் காட்டக்கூடும். முக்கால் பங்காகக் குறைந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும், ஆறு மி.மீ. குறைந்தால் பலகை வெட்டி முடித்த பிறகுதான் தெரியும், அதுதான் ஆபத்து. டிஎக்ஸ்எஃப் என்ற மற்றொரு வகைக் கோட்டோவிய ஃபைலில் அலகு குறிக்கப்படாமல் போனால் மி.மீ. அங்குலமாகி 25.4 மடங்கு பெருத்துவிடும். அது சிரிப்போடு முடிந்துபோகும், ஏனென்றால் என் மேசையே அந்த அளவுக்கு இல்லை.

இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு. டிசைனுக்கு வெளியே ஒரு மூலையில், வேறெங்கும் பயன்படுத்தாத நிறத்தில், சரியாக 50 மி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து வையுங்கள். ஃபைலைத் திறந்ததும் அந்தக் கோட்டை அளந்து பார்க்குமாறு கடையில் சொல்லுங்கள். 50 காட்டினால் தொடங்கலாம். இல்லையென்றால் முழுவதையும் சேர்த்து அளவைத் திருத்திவிட்டு, கோட்டை நீக்கிவிட்டுத் தொடங்கலாம்.

அடுத்து எழுத்துகளில் நின்ற வெள்ளைப் பொட்டு. செதுக்கும்போது மென்பொருள் இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாகப் போகிறது. ஒரு விளிம்பைக் கடந்தால் எரிக்கத் தொடங்கு, அடுத்த விளிம்பைக் கடந்தால் நிறுத்து, மறுபடியும் கடந்தால் தொடங்கு என்பதே அதன் கணக்கு. "ச"வின் விளிம்புக்குள் கொம்பின் விளிம்பு ஏறிக்கிடந்தால், இரண்டும் பொதுவாக இருக்கும் இடத்தில் இரண்டு விளிம்புகள் கடக்கப்பட்டுவிடுவதால் அங்கே எரிப்பு நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்ன அரிசி மணி அதுவே. மருந்து, இரண்டு வடிவங்களையும் ஒன்றாக உருக்கிவிடுவது. கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் அதற்கு வெல்டு என்று பெயர், இங்க்ஸ்கேப்பில் யூனியன். எழுத்துகளை கர்வாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இலை நரம்பு காணாமல் போனதற்கும் காரணம் அதே மை மனம்தான். கறுப்பு இலையின் மேல் வெள்ளை நிறத்தில் அரை மி.மீ. தடிமனுள்ள கோட்டைப் போட்டு நரம்பாகக் காட்டியிருப்பார். கோட்டின் தடிமன் லேசருக்குப் பொருட்டன்று. அதற்கு அந்த நரம்பு அகலமே இல்லாத, இரு முனையும் திறந்த ஒரு பாதை. திறந்த பாதைக்கு உட்புறம் என்று ஒன்று இல்லாததால், நிரப்பிச் செதுக்கும்போது அது தானாகவே விடுபட்டுப் போகும். எனவே அந்தக் கோட்டை முதலில் அகலமுள்ள வடிவமாக மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் டு பாத், கோரலில் கன்வர்ட் அவுட்லைன் டு ஆப்ஜெக்ட். அதன் பிறகு அந்த வடிவத்தை இலையிலிருந்து கழிக்க வேண்டும். வெள்ளை நிறத்தால் மறைத்த இடம் டிசைனில் வேறெங்காவது இருந்தால் அதையும் இப்படியே கழித்துவிடுங்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: கோரலில் ஒயர்ஃபிரேம், இங்க்ஸ்கேப்பில் அவுட்லைன் முறைக்கு மாற்றிப் பாருங்கள். நிறங்கள் எல்லாம் போய் வெறும் கோடுகள் மட்டும் தெரியும். லேசரின் கண் அதுதான். இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பிழைகள் வெளியே வந்துவிடும்.

விளிம்பு தீய்ந்ததற்குக் காரணம் ஒரே இடத்தில் இரண்டு வட்டங்கள் இருப்பது. ஒன்று நிறத்துக்காகவும் மற்றொன்று கோட்டுக்காகவும் போட்டிருக்கலாம், அல்லது காப்பி செய்து ஒட்டியபோது ஒன்று அடியில் தங்கியிருக்கலாம். திரையில் ஒன்றாகவே தெரியும். இயந்திரம் இரண்டு முறை சுற்றும். லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் இரட்டைக் கோடுகளை நீக்க ஆல்ட்-டி என்ற கட்டளை இருக்கிறது. நான் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் தட்டுகிறேன்.

மலை விளிம்பு நடுங்கியதைப் பற்றி ஒரு கேள்வி: அது புகைப்படத்திலிருந்து டிரேஸ் செய்யப்பட்டதா, அதாவது மென்பொருளே படத்தைக் கோடாக மாற்றியதா? ஆம் என்றால் அந்தக் கோட்டில் நூற்றுக்கணக்கான நோடுகள் (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) இருக்கும். ஒவ்வொரு நோடிலும் திசை சிறிதளவு மாறுவதால் தலைப்பகுதி வேகத்தைக் குறைத்து, திரும்பி, மறுபடியும் வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. வேகம் குறையும் இடத்தில் மரம் கூடுதலாக எரிகிறது, நேரமும் கூடுகிறது. இங்க்ஸ்கேப்பில் கோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எல் தட்டினால் நோடுகள் குறையும். ஆனால் அதை மூன்று நான்கு முறை தட்டினால் சேர்வராயன் மலை மண்மேடாகிவிடும். என்னைக் கேட்டால், டிரேஸை அடியில் வைத்துக்கொண்டு, மேலே பென் கருவியால் பதினைந்து இருபது நோடுகளில் புதிதாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஒவ்வொரு கோஸ்டரிலும் அந்த நேரம் திரும்பி வரும்.

நிறங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கோட்டுக்கு எந்த வேலை என்று மென்பொருள் பிரித்தறியும் அடையாளம் மட்டுமே நிறம். நிரப்பிச் செதுக்க வேண்டியவை கறுப்பு, கோடாக மட்டும் கீற வேண்டியவை நீலம், வெட்ட வேண்டியவை சிவப்பு என்று மூன்றே நிறங்களில் கொடுங்கள். எந்த நிறம் எதற்கு என்பதில் கடைக்குக் கடை பழக்கம் மாறும். ஆனால் ஒரு வேலைக்கு ஒரு நிறம் என்பதில் மாற்றமில்லை. வெளி வட்டம் எப்போதும் கடைசியில்தான் வெட்டப்பட வேண்டும், ஏனென்றால் வெட்டிய துண்டு இம்மியளவு நகர்ந்தாலும் அதற்குப் பிறகு செதுக்குவது எல்லாம் கோணலாகிவிடும்.

டிடிபி பழையவர் எழுதியது:

ஆபரேட்டர் நண்பர் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் "வெல்டு செய்யுங்கள்" என்று ஒரே சொல்லில் அவர் கடந்து போன இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் அதிகமாகப் பலியாகின்றன என்பதால் அதை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

கோரலில் ஒரு வரியை முழுதாக கர்வாக்கினால் அந்த வரி முழுவதும் ஒரே பொருளாகிவிடும். அதற்குள்ளேயே எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால், வெல்டு செய்யப் பலரும் அதை பிரேக் அபார்ட் கொடுத்து உடைக்கிறார்கள். உடைத்தவுடன் "ம"வின் வயிறும் "வ"வின் சுழியும் "ன"வின் சுழியும் தனித்தனி வடிவங்களாகிவிடும். அதன் பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்டு கொடுத்தால் அந்தச் சுழிகள் எல்லாம் நிரம்பிப் போகும். "சேர்வராயன்" என்பதில் "வ" ஒரு கறுப்பு உருண்டையாக நிற்கும். வெள்ளைப் பொட்டைப் போக்கப் போய் எழுத்தையே இழந்த கதை இது. ஒரு திருமண நினைவுப் பரிசு வேலையில் நானே இதைச் செய்து, இருநூறு அக்ரிலிக் துண்டுகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

எனவே வரிசை முக்கியம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் என்றால், கர்வாக்குவதற்கு முன்பே வரியைத் தனித்தனி எழுத்துகளாகப் பிரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கர்வாக்குங்கள். சுழிகள் அந்தந்த எழுத்தோடேயே இருக்கும். பிறகு அனைத்தையும் சேர்த்து வெல்டு செய்யுங்கள். யூனிகோடு எழுத்துருவில் இந்த வழி கைகொடுக்காமல் போகக்கூடும், ஏனென்றால் எழுத்துகளைப் பிரிக்கும்போது கொம்பும் காலும் தம் மெய்யெழுத்தை விட்டு விலகிவிடலாம். யூனிகோடு என்றால் நான் இங்க்ஸ்கேப்பைத்தான் திறக்கிறேன். அங்கே ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தால் எழுத்துகள் ஒரு குழுவாக வரும். குழுவைக் கலைத்து யூனியன் கொடுத்தால் சுழிகள் திறந்தே இருக்கும், பொட்டு மட்டும் மறைந்துவிடும். செய்து முடித்ததும் "ம", "வ", "த", "க", "ன", "ண" ஆகியவற்றைப் பெரிதாக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கர்வாக்காமல் ஃபைலைக் கொடுக்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பாமினியில் புள்ளி என்பது விசைப்பலகையில் அரைப்புள்ளிக் குறியாகவே தட்டப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "ஏற்காடு" என்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக வந்து நிற்கும். அதையாவது கண்டதும் நிறுத்திவிடுவார்கள். யூனிகோடு எழுத்துரு இல்லையென்றால் கணினி தன்னிடமுள்ள லதாவையோ நிர்மலாவையோ அமைதியாகப் போட்டுக்கொள்ளும். வாசகம் சரியாகவே இருக்கும் என்பதால் எவரும் கவனிக்கமாட்டார்கள். அகலம் மாறி எழுத்து வட்டத்துக்கு வெளியே போயிருக்கும். ஆனால் எழுத்தாகவே இருக்கும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கர்வான எழுத்தில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த முடியாது, மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

ஃபைல் வகையைப் பொறுத்தவரை, சேலத்தில் பல கடைகளில் டிஎக்ஸ்எஃப் கேட்பார்கள். பழக்கத்தால் கேட்கிறார்கள். டிஎக்ஸ்எஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது தமிழ் எழுத்தின் வளைவுகள் சிறு சிறு நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைவது உண்டு. "ஏ"யின் வளைவில் அது நன்றாகவே தெரியும். கடையில் லைட்பர்ன் இருந்தால் எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கொடுங்கள். ஆர்டி ஒர்க்ஸ் என்ற லேசர் மென்பொருள் மட்டும்தான் என்றால் பழைய பதிப்பில் சேமித்த ஏஐ (இல்லஸ்ட்ரேட்டரின் சொந்த ஃபைல் வகை) கொடுங்கள். முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுக்கொண்டால் மலையிலிருந்து இரண்டாம் முறை இறங்க வேண்டியதில்லை.

ஏரிக்கரைக் கடை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அவுட்லைன் முறையில் பார்த்தபோது வெளி வட்டத்தை இழுத்து நகர்த்தினோம். அடியில் இன்னொன்று இருந்தது. மலை விளிம்பும் நீங்கள் ஊகித்தபடியே புகைப்படத்திலிருந்து டிரேஸ் செய்ததுதான்.

இன்னும் இரண்டு கேட்க வேண்டியிருக்கிறது. 3 மி.மீ. பிளைவுட்டில் "ஏற்காடு" என்ற எழுத்துகளின் வடிவத்திலேயே வெட்டிய கீ செயின் ஒன்றும் கொடுத்திருந்தோம். "ற்" மேலிருந்த புள்ளி தனியாகக் கழன்று, பலகையைத் தாங்கும் ஹனிகோம்ப் தட்டின் இடுக்கில் விழுந்துவிட்டது. கீ செயினில் "ஏறகாடு" என்று இருக்கிறது. எழுத்துகளும் ஒன்றோடொன்று சேராமல் ஐந்து துண்டுகளாகக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது, என் மாமியார் தாளில் வரைந்து கொடுத்த சிக்குக் கோலம். அதை ஸ்கேன் செய்து டிரேஸ் கொடுத்தால் ஒவ்வொரு இழையும் இரட்டைக் கோடாகவே வருகிறது. அவர் போட்டது ஒற்றை இழை. அதையே ஒற்றை இழையாக மரத்தில் கொண்டுவர வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி எழுதியது:

நான் மர வேலை செய்பவன் அல்லன். வெள்ளிக் கொலுசு, குங்குமச் சிமிழ், விளக்கு ஆகியவற்றில் பெயர் பொறிக்கிறேன். இயந்திரமும் வேறு: உங்கள் மரத்துக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர் என்பதால் வெள்ளி அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், நாங்கள் 1.06 மைக்ரோமீட்டர் அளவிலான ஃபைபர் லேசரைப் பயன்படுத்துகிறோம். ஆனால் புள்ளி கழன்று விழும் துன்பம் எங்களுக்கும் பொதுவானது, ஏனென்றால் பெயர் எழுத்தையே அறுத்தெடுத்து டாலராகக் கேட்பவர்கள் இப்போது அதிகம்.

புள்ளியைக் காப்பாற்ற மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறேன். ஒன்று, புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே சிறு காம்பு வைத்து வெல்டு செய்வது. இது பார்ப்பதற்குப் பூவும் காம்பும் போல வரும், ஆனால் 3 மி.மீ. பிளைவுட்டில் காம்பின் அகலம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் சாவிக்கொத்தின் ஆட்டத்தில் ஒடிந்துவிடும். இரண்டு, புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையில் பாதி பதியுமாறு வைப்பது. "ற்" போன்ற எழுத்தில் இது பொருந்தும், "ட்" போல மேலே திறந்த எழுத்தில் பொருந்தாது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: எழுத்துகளை அறுக்கவே அறுக்காமல், சொல் முழுவதையும் சுற்றி 3 மி.மீ. தள்ளி ஒரே நிழல் விளிம்பை எடுத்து அதை மட்டும் வெட்டுவது. எழுத்துகளையும் புள்ளியையும் அதன் மேல் செதுக்கிவிடுவது. கோரலில் கான்டூர், லைட்பர்னில் ஆஃப்செட். சொல்லின் உருவமும் தெரியும், எதுவும் கழன்றும் போகாது.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை. பலகையில் எழுத்து வடிவத்தில் ஓட்டை போடச் சொன்னால், அப்போது விழுவது புள்ளியல்ல, "வ"வின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு. அதற்கும் பாலம் வைக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். கொலுசின் திருகுப் பக்கத்தில் இரண்டு மி.மீ. உயரத்தில் பெயர் கேட்பார்கள், வெள்ளியில் முடியும். மரத்தில் அதை முயல வேண்டாம். "ண" போன்ற மூன்று சுழி எழுத்தில் சுழிகளின் உள்வெளி மயிரிழை அளவுதான் இருக்கும், கரி அதை மூடிவிடும். ஒரே தடிமனுள்ள, சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, உயரத்தை 5 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள்.

டிடிபி பழையவர் எழுதியது:

கோலத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு விருப்பமான பொருள்.

சாதாரண டிரேஸ் கருவி, தாளில் உள்ள மையின் இரண்டு கரைகளையும்தான் தேடிப் பிடிக்கும். அதன் கணக்கில் இழை என்பது நீளமான ஒரு கறுப்பு நிலப்பரப்பு. எனவே இரட்டைக் கோடு வருவது பிழையன்று. இழையின் நடுவை மட்டும் எடுக்க இங்க்ஸ்கேப் 1.0 முதல் டிரேஸ் பிட்மேப் பெட்டிக்குள்ளேயே சென்டர்லைன் என்ற ஒரு முறை இருக்கிறது. ஸ்கேனைத் தூய கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டு அதை முயன்று பார்க்கலாம்.

ஆனால் சிக்குக் கோலத்தில் அதன் விளைவு எனக்குத் திருப்தியாக இருந்ததில்லை. இரண்டு இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அது நேராகப் போகாமல் சிறிது வளைந்து, முடிச்சுப் போட்டதைப் போலச் செய்துவிடும். அங்கேயே பாதை துண்டாகவும் ஆகிவிடும். கோலத்தில் வெட்டுமிடங்கள்தான் அதிகம். அதனால் கையால் வரைவதே நல்லது, அது நினைப்பதைவிட எளிது. புள்ளிகளை 10 மி.மீ. இடைவெளியில் கட்டத்தில் வையுங்கள். கோட்டைக் கட்டத்தில் தானாக ஒட்டவைக்கும் ஸ்நாப் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரின் கோலம் நான்கு பக்கமும் ஒத்திருக்குமானால் கால் பங்கை மட்டும் வரைந்து, 90 பாகையாக மூன்று முறை சுழற்றிப் பிரதி எடுங்கள். பிறகு முனைகளை இணையுங்கள். வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்பது இணைப்பு ஆகாது. இரண்டு முனை நோடுகளையும் தேர்ந்தெடுத்து ஒரே நோடாக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் இயந்திரம் ஒவ்வொரு கால் பங்கையும் தனிக் கோலமாகக் கருதி, எங்கெங்கோ தாவித் தாவிப் போடும். தொடங்கும் இடத்திலும் நிறுத்தும் இடத்திலும் ஒரு கரும்பொட்டு விழும்.

கையெடுக்காமல் ஒரே இழையில் முடிகிற கோலமாக இருந்தால், லேசருக்கு அதைவிட உகந்த வடிவம் கிடையாது. ஒரு முறை பற்றவைத்தால் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வரும் வரை அணையாமல் ஓடும். எல்லாச் சிக்குக் கோலமும் அப்படி அமைவதில்லை. சிலவற்றில் இரண்டு மூன்று தனி இழைகள் பின்னிக் கிடக்கும். மாமியாரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். வெட்டுமிடங்களை மட்டும் வெல்டு செய்துவிட வேண்டாம். எழுத்துக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. இது நிரப்பும் வடிவம் அல்ல, நடக்கும் பாதை. நீல நிறத்தில் கொடுங்கள்.

அஸ்தம்பட்டி ஆபரேட்டர் எழுதியது:

பழையவர் சொன்னதோடு ஒன்று. வெட்டுமிடத்தில் இழை இரண்டு முறை கடப்பதால் அங்கே சிறிது ஆழமாக எரியும். வேகத்தைக் கூட்டி சக்தியைக் குறைத்தால் அது அழகாகவே இருக்கும். சில்வர் ஓக்கில் குறுக்கே ஓடும் பளபளப்பான கீற்றுகள் உண்டு; மெல்லிய கோடு அவற்றின் மேல் விழும்போது நிறம் மாறித் தெரியும். எனவே கோலம் உள்ள பலகையைக் கீற்று குறைந்த பக்கமாகப் பார்த்து எடுங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்தால் புகைக்கறை படியாது. முதலில் ஒரே ஒரு பலகையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் ஐம்பது பலகைகளைக் கொடுக்காதீர்கள்.

ஏரிக்கரைக் கடை எழுதியது:

நேற்று வேறொரு கடையில் கொடுத்து வாங்கி வந்தோம். 50 மி.மீ. கோட்டைப் பார்த்ததும் அந்தக் கடைப் பையன் இது எதற்கு என்று கேட்டான்; அளந்து பார்த்தான்; 50 இருந்தது. வட்டம் சரியாக வந்தது. இலை நரம்பு மரத்தின் நிறத்திலேயே தெளிவாக நிற்கிறது, "சே"யில் பொட்டு இல்லை, "வ"வின் சுழியும் திறந்தே இருக்கிறது. கீ செயினுக்கு நிழல் விளிம்பு முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். முன்பு ஒரு கோஸ்டருக்கு ஆன நேரத்தில் இப்போது இரண்டு முடிகிறது.

கோலம் ஒரே இழைதான் என்று மாமியார் விரலால் தடவிக் காட்டினார். ஆனால் பலகையில் கீழ்ப்புறம் ஒரு முனையில் கரும்பொட்டு விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு நோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

அஸ்தம்பட்டி ஆபரேட்டர் எழுதியது:

தெரிவது அப்படித்தான் இருக்கும், சகோதரி. இன்னும் நூறு மடங்கு பெரிதாக்கினால் இடைவெளி தெரியும். லைட்பர்னில் முழுக் கோலத்தையும் தேர்ந்தெடுத்து ஆல்ட்-ஜே தட்டச் சொல்லுங்கள். மிக நெருக்கமான முனைகளை அதுவே சேர்த்துவிடும். சேர்ந்த பிறகும் தொடக்கப் புள்ளி என்று ஒன்று இருந்தே தீரும். அதை இரண்டு இழைகள் வெட்டும் ஓர் இடத்துக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே கொஞ்சம் கறுத்திருப்பதால் பொட்டு தெரியாது.